நகரா: அரண்மனை வாயிலும் பள்ளிவாசல் முற்றமும்

சென்னை இராயப்பேட்டையில், மயிலாப்பூருக்கு வடக்கே, பாரதி சாலையை ஒட்டி அமீர் மஹல் அமைந்துள்ளது. ஆற்காட்டு நவாபுகளின் வழிவந்தோர் 1876 முதல் வாழ்ந்து வரும் மாளிகை அது. அதன் நுழைவாயிலோடு இணைந்த பகுதிக்கு ‘நக்கார் கானா’ என்று பெயர். நகரா வைத்து முழக்கும் இடம் என்பது அதன் பொருள். மாளிகைக்குள் உயர்ந்தோர் வருவதை ஊருக்கு அறிவிக்கும் பொருட்டு அங்கே நகரா ஒலித்தது.

நகரா என்பது யாது? அது எங்கிருந்து வந்தது? அரண்மனை வாயிலில் அதற்கு ஏன் இடம் ஒதுக்கப்பட்டது? நம் பள்ளிவாசல்களுக்கு அது எவ்வாறு வந்தது? இவை பழம்பொருள் ஆர்வலர்க்கு மட்டும் உரிய வினாக்கள் அல்ல. தமிழகத்தின் பழைய பள்ளிவாசல்கள் பலவற்றில் ஒரு காலத்தில் ஒலித்த நகராக்கள் இன்று மூலையில் கிடக்கின்றன. தோல் கிழிந்தவற்றைப் பழைய செம்பாக எடைக்குப் போட்டுவிடலாமா என்று எண்ணும் நிர்வாகங்களும் உள்ளன. ஒரு பொருளின் வரலாறு தெரியாதபோதுதான் அதன் விலை எடையால் அளக்கப்படுகிறது. ஆதலால் அவ்வரலாற்றைச் சற்று விரிவாக நோக்குவது பயன் தரும்.

சொல்லும் பொருளும்

‘நக்காரா’ என்பது அரபுச் சொல். நூன், காஃப், ரா ஆகிய மூன்றெழுத்து வேரிலிருந்து பிறந்தது. தட்டுதல், கொத்துதல், குடைதல் என்னும் பொருள்கள் அவ்வேருக்கு உண்டு. பறவை அலகால் கொத்துவதையும் மரத்தைக் குடைவதையும் அரபியர் இவ்வேர்ச்சொல்லாலேயே குறிப்பர். குடைந்த கலத்தின் வாயில் தோலைப் போர்த்திக் கோலால் தட்டும் கருவிக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் அமைவது அரிது. திருக்குர்ஆனின் அல் முத்தஸ்ஸிர் அத்தியாயம் எட்டாம் வசனத்தில் மறுமை நாளின் எக்காளத்தைக் குறிக்க வரும் ‘நாகூர்’ என்ற சொல்லும் இவ்வேரினதே. (நம் நாகூர்ப் பட்டினத்தின் பெயருக்கும் இதற்கும் தொடர்பில்லை, எழுத்தொற்றுமை மட்டுமே.)

இச்சொல் பாரசீகம் வழியாக இந்திய மொழிகளுக்குள் புகுந்து, தமிழில் ‘நகரா’ என நிலைபெற்றது. சிலுவைப் போர்களின் காலத்தில் மேற்கே சென்று, பிரெஞ்சில் ‘நக்கேர்’ என்றும் ஆங்கிலத்தில் ‘நேக்கர்’ என்றும் வழங்கிற்று. ஐரோப்பியச் சேர்ந்திசைக் குழுக்களில் இன்று காணப்படும் செம்புக் கிண்ண முரசுகளின் முன்னோருள் நகராவும் ஒன்று. கிழக்கே மலாய் நாடுகளில் அரசு ஏற்பு விழாவில் முழங்கும் ‘நோபத்’ குழுவின் பெயர், ‘நௌபத்’ என்னும் சொல்லின் திரிபு. நௌபத் என்றால் முறை, தவணை. முறைவைத்துக் குறித்த வேளைகளில் முழங்குவதால் அரண்மனை இசைக்கு அப்பெயர் வந்தது.

அமைப்பும் அழகும்

நகராவின் உடல் பாதி உருண்டை வடிவுடைய கலம். செம்பு, பித்தளை, இரும்பு ஆகியவற்றால் செய்வர். எளிய ஊர்களில் மண்ணாலும் செய்ததுண்டு. வாயை ஆட்டுத்தோலோ மாட்டுத்தோலோ மூடியிருக்கும். தோலின் விளிம்பிலிருந்து வார்கள் இறங்கிக் கலத்தின் அடிப்பகுதியை வலைபோல் பின்னி இறுக்கும். பெரும்பாலும் இரண்டிரண்டாகவே வைப்பர். பெரியது ஆழ்ந்த ஒலியும், சிறியது கூர்மையான ஒலியும் தரும். இரண்டு கோல்களால் முழக்குவர். கடற்காற்றின் ஈரத்தில் தோல் தளர்ந்துவிடும் என்பதால் முழக்குவதற்கு முன் அனலில் காட்டிச் சூடேற்றுவது வழக்கம்.

கிண்ண வடிவுக்குக் காரணம் உண்டு. வெறும் வட்டச் சட்டத்தில் கட்டிய தோல் அதிரும்போது எழும் பல ஒலிகள் ஒன்றோடொன்று இசைவதில்லை. மூடிய கிண்ணத்துள் அடைபட்ட காற்றும் தோலோடு சேர்ந்து அசைவதால், அவ்வொலிகளுள் சில நெருங்கிய விகிதங்களுக்குள் வந்து, காது தெளிவாக உணரத்தக்க ஒரு சுருதி பிறக்கிறது. தோற்கருவிகளின் ஒலியியல் தமிழகத்துக்கு அயலான துறையன்று. சேப்பாக்கம் மாளிகைக்கு அண்மையிலுள்ள மாநிலக் கல்லூரியில் பயின்ற சர் சி.வி. ராமன், மிருதங்கம், தபலா ஆகியவற்றின் இசைந்த ஒலிகளை 1920-இல் ஆராய்ந்து வெளியிட்டார். மிருதங்கம் நடுத்தோலில் இடும் கருஞ்சாந்தால் பெறும் பயனை, நகரா தன் கிண்ணத்தால் ஓரளவு பெறுகிறது எனலாம்.

அழகூட்டுவதற்கு வேண்டிய பரப்பை அக்கிண்ணமே தந்தது. உலோகத்தில் கொடிப்பின்னல்களும் மலர்களும் செதுக்குதல், விளிம்பில் பட்டை ஓட்டுதல், எழுத்தணி பொறித்தல், வார்களுக்கு நிறமூட்டுதல், சரிகை வேலை செய்த துணியால் பக்கங்களைப் போர்த்துதல் எனப் பல வகை உண்டு. அக்பர் நாமாவுக்காக வரையப்பட்ட முகலாய ஓவியங்களில் யானைமேலும் ஒட்டகத்தின்மேலும் போர்வை போர்த்திய நகராக்களைக் காணலாம். அதற்கு மூன்று நூற்றாண்டுகளுக்கு முன்பே, ஹிஜ்ரி 634-இல் (1237) யஹ்யா அல் வாஸிதி, ஹரீரியின் மகாமாத்துக்கு ஓவியங்கள் வரைந்தார். அவற்றுள் ஹஜ் பயணக் கூட்டத்தைக் காட்டும் ஓவியத்தில் ஒட்டகத்தின்மேல் முரசும் எக்காளமும் ஒலிக்கின்றன. நம் மதரஸாக்களில் தலைமுறை தலைமுறையாக மகாமாத் ஓதப்படுகிறது. எனினும் அதன் ஓவியங்கள் நம் மாணவர் கண்ணில் படுவதில்லை. பாரிஸிலுள்ள பிரெஞ்சு தேசிய நூலகம் அச்சுவடியைப் பாதுகாத்து வருகிறது.

இன்னொரு செய்தியும் குறிக்கத்தக்கது. ஹிஜ்ரி 602-இல் (1206) அல் ஜஸரீ எழுதி முடித்த பொறியியல் நூலில் ஒரு பெரிய நீர்க்கடிகாரம் விளக்கப்பட்டுள்ளது. அதில் வேளை வந்ததும் பொம்மைகள் தாமாகவே முரசறையும், எக்காளம் ஊதும். முரசு என்பது நேரத்தை ஊருக்குச் சொல்லும் கருவி என்ற எண்ணம் அக்காலத்தில் எவ்வளவு வேரூன்றியிருந்தது என்பதை இப்பொறி உணர்த்துகிறது.

வாயில் முரசும் ஆட்சியுரிமையும்

தொடக்க கால முஸ்லிம்கள் அரசச் சின்னமாக முரசையும் எக்காளத்தையும் ஏற்கவில்லை. இப்னு கல்தூன் (ரஹ்) தம் முகத்திமாவில் அரசச் சின்னங்களைப் பற்றிய பகுதியில் இதனை விளக்குகிறார். கிலாஃபத் முடியாட்சியாக மாறி, ஆட்சியாளர் உலகின் பகட்டைச் சுவைத்த பின்னரே, பாரசீக, ரோம அரசுகளின் வழக்கங்களைப் பின்பற்றிக் கொடிகளும் முரசுகளும் பெருகின என்பது அவர் கருத்து. படைவீரரின் உள்ளத்தில் துணிவும், எதிரியின் உள்ளத்தில் அச்சமும் எழ இவ்வொலி உதவுகிறது என்று காரணமும் காட்டுகிறார்.

வாயிலில் முரசு முழங்கும் உரிமை, அப்பாஸிய பக்தாதில் பெரும் அரசியல் வினாவாயிற்று. தொழுகை வேளைகளில் முரசு முழங்குவது கலீஃபாவுக்கு மட்டும் உரிய சிறப்பு. கலீஃபாவைத் தம் கைப்பிடியில் வைத்திருந்த புவைஹ் குலத்தார் அச்சிறப்பை விரும்பினர். முஇஸ்ஸுத் தௌலாவுக்கு அது மறுக்கப்பட்டது. ஹிஜ்ரி 368-இல் கலீஃபா அத்தாயிஃ, அளுதுத் தௌலாவின் வாயிலில் ஃபஜ்ர், மஃக்ரிப், இஷா ஆகிய மூன்று வேளைகள் முரசறைய இசைவளித்தார். ஹிஜ்ரி 418-இல் ஜலாலுத் தௌலா அதனை ஐந்து வேளையாக்கியபோது கலீஃபா அல் காதிர் ஆட்சேபித்தார். நாடு பிடிப்பது பற்றிய பூசல் அன்று. எத்தனை வேளை முரசறைவது என்ற பூசல்! ஆனால் அக்காலத்தார்க்கு அது சிறு செய்தியாகத் தோன்றவில்லை. எவருடைய வாயிலில் முரசு ஒலிக்கிறதோ அவரே ஆள்பவர் என்பது மக்கள் காதால் அறிந்த சட்டம்.

இச்சட்டம் டில்லிக்கும் வந்தது. அபுல் ஃபஸ்ல், அக்பரின் நக்கார் கானாவிலிருந்த கருவிகளைத் தம் ஆயினே அக்பரியில் எண்ணிக்கையோடு பட்டியலிடுகிறார். தமாமா எனப்படும் பெருமுரசு 18 இணை, நகரா 20 இணை, துஹுல் 4, கர்னா என்னும் நெடுங்குழல் குறைந்தது 4, ஸுர்னா 9, கொம்பு 2, தாளம் 3 இணை எனச் செல்கிறது அப்பட்டியல். பாதுஷாவே நகரா முழக்குவதில் கைதேர்ந்தவர் என்றும் அவர் எழுதுகிறார். சித்தோர்கட் கோட்டையை 1568-இல் வென்ற பின் அங்கிருந்த பெருநகராக்களை அக்பர் அஜ்மீர் தர்காவுக்கு வழங்கினார் என்பது வழிவழியாக வரும் செய்தி. ஷாஜஹான் கட்டிய டில்லிச் செங்கோட்டையின் நௌபத் கானாவில் நாளொன்றுக்கு ஐந்து முறை இசை முழங்கிற்று.

பாதுஷா தம் அமீர்களுக்கு நகரா வழங்குவதும் உண்டு. முகலாயர் படையமைப்பை ஆராய்ந்த வில்லியம் இர்வின், இரண்டாயிரம் குதிரைவீரர்க்குக் குறையாத தகுதியுடைய மன்சப்தார்க்கே இது கிடைத்தது என்று குறிக்கிறார். பெறுபவரின் முதுகில் நகராவை ஏற்றுவர். அவர் அந்நிலையிலேயே அவையில் வணங்குவார். பாதுஷா இருக்குமிடத்தில் அதனை முழக்கலாகாது என்பது நிபந்தனை. உரிமையைத் தரும் சடங்கே, அது எவருடைய கொடை என்பதையும் சுமப்பவருக்கு நினைவூட்டிற்று.

கர்நாடக நவாபுகளும் சென்னையும்

முகலாயரின் இம்மரபு கர்நாடக நவாபுகள் வழியாகச் சென்னைக்கு வந்தது. நவாப் முஹம்மது அலி வாலாஜா ஆற்காட்டை விட்டுச் சென்னையில் குடியேறி, 1768-இல் சேப்பாக்கம் மாளிகையைக் கட்டினார். திருவல்லிக்கேணியின் வாலாஜா பள்ளிவாசல் 1795-இல் எழுந்தது. மயிலாப்பூர் கபாலீசுவரர் கோயில் தெப்பக்குளத்துக்குரிய நிலம் நவாப் வழங்கியது என்பதும், முஹர்ரத்தின்போது முஸ்லிம்கள் அக்குளத்துக்கு வருவது அதனை ஒட்டிய வழக்கம் என்பதும் அப்பகுதியார் வழிவழியாகக் கூறிவருவன.

வாலாஜா குடும்பத்தின் வரலாற்றைப் புர்ஹான் இப்னு ஹஸன் என்பார் ‘தூஸகே வாலாஜாஹி’ என்ற பெயரில் பாரசீகத்தில் எழுதினார். அதனை ஆங்கிலத்தில் பெயர்த்து 1934-லும் 1939-லும் இரு பகுதிகளாகச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் வாயிலாக வெளிக்கொணர்ந்தவர், அப்பல்கலைக்கழகத்தின் அரபு, பாரசீக, உருதுத் துறைத் தலைவராயிருந்த நம் தமிழறிஞர் எஸ். முஹம்மது ஹுஸைன் நயினார் அவர்கள். கர்நாடக நவாபுகளின் வரலாற்றைக் கற்க விழைவோர் இன்றும் நாடும் பெயர்ப்பு அதுவே.

1801-இல் கும்பினியார் உடன்படிக்கையின் பெயரால் கர்நாடகத்தின் ஆட்சி முழுவதையும் தம் கைக்கு மாற்றிக்கொண்டனர். நவாபுக்குப் பட்டமும், வருவாயில் ஒரு பங்கும், அரசச் சின்னங்களும் எஞ்சின. 1855-இல் நவாப் குலாம் முஹம்மது கௌஸ் கான் வாரிசின்றி மறைந்தபோது, டல்ஹௌஸியின் அரசு அப்பட்டத்தையும் ஒழித்தது. சேப்பாக்கம் மாளிகை ஏலத்துக்கு வந்து அரசாங்கத்தின் உடைமையாயிற்று. பின்னர் 1867-இல் அஸீம் ஜாஹ் அவர்களுக்கு ‘ஆற்காட்டு இளவரசர்’ என்ற பட்டம் அளிக்கப்பட்டது. 1798-இல் கும்பினியாரின் அலுவலகங்களுக்காகக் கட்டப்பட்ட இராயப்பேட்டைக் கட்டடம் மாற்றியமைக்கப்பட்டு, 1876-இல் அக்குடும்பத்தின் உறைவிடமாயிற்று. அதுவே அமீர் மஹல்.

இங்கே ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். நாடு போயிற்று; வரி போயிற்று; படை போயிற்று; மாளிகையும் ஏலம் போயிற்று. புதிய உறைவிடத்திலோ நக்கார் கானாவுக்கு இடம் இருந்தது. பக்தாதில் அதிகாரம் கையிலிருந்தும் முரசுக்காக ஏங்கிய புவைஹ் அரசர்களை மேலே கண்டோம். சென்னையில் அதிகாரம் அகன்ற பின்னும் முரசு நின்றது. சின்னம் அதிகாரத்துக்கு முன்னும் வரலாம், பின்னும் தங்கலாம். அதிகாரமும் சின்னமும் ஒன்றே என மயங்குவோர்க்கு இவ்விரு வரலாறுகளும் பாடமாகும்.

தமிழ் மண்ணில் முரசும் நகராவும்

நகரா தமிழ்நாட்டுக்கு வந்தபோது அதன் பொருளை இங்குள்ளோர்க்கு எவரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. கொடை முரசு, படை முரசு, மண முரசு என மூவகை முரசு கொண்ட நாடு இது. தொல்காப்பியம் ஒவ்வொரு திணைக்கும் உரிய கருப்பொருள்களுள் பறையையும் சேர்த்தது. போரில் வென்ற காளையின் தோலை முரசுக்குப் போர்த்த செய்தி புறநானூற்றில் உண்டு. அரசனின் முரசு கட்டிலில் அறியாது உறங்கிய புலவர் மோசிகீரனாரைத் தண்டிக்காமல், சேரமான் தகடூர் எறிந்த பெருஞ்சேரல் இரும்பொறை விசிறி எடுத்து வீசினான் என்பதும் அந்நூல் தரும் செய்தியே. முரசு அத்துணைப் புனிதமாக மதிக்கப்பட்டதனால்தான் அவன் பொறுமை பாடுபொருளாயிற்று.

ஆகவே நகரா வந்ததும் அரண்மனையோடு நிற்கவில்லை. மதுரை மீனாட்சியம்மன் கோயிலின் எதிரே, இராணி மங்கம்மாளின் அமைச்சர் அச்சுதராயர் கட்டிய மண்டபத்துக்கு ‘நகரா மண்டபம்’ என்றே பெயர். அக்கோயிலின் ஊர்வலங்களில் முரசு சுமந்து முன்செல்லும் எருதை ‘டங்கா மாடு’ என்பர். ‘டங்கா’வும் வடபுலத்தில் நகராவுக்கு வழங்கும் பெயர்களுள் ஒன்று. நாகூரில் தஞ்சை மராத்திய மன்னர் பிரதாபசிங் எழுப்பிய பெரிய மனாராவும் உண்டு, நகரா மேடையும் உண்டு. அரபு வேரில் முளைத்த பெயர் சிவன் கோயிலின் மண்டபத்துக்கு அமைந்ததும், மராத்திய மன்னர் தர்காவுக்கு மனாரா எழுப்பியதும் அக்காலத்தார்க்கு வியப்பாகத் தோன்றியிருக்க வாய்ப்பில்லை. நமக்கு வியப்பாகத் தோன்றுமாயின், மாறியவர்கள் நாமே.

சென்னையில் இன்று மார்கழி வந்தால் மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் சபாக்கள் நிறைகின்றன. மிருதங்கமும் கடமும் கஞ்சிராவும் மேடையேறுகின்றன. நகராவை அங்கே காண முடிவதில்லை. அது பாடகர்க்குத் துணை நிற்கும் கருவி அன்று, வாயிலுக்குரிய கருவி. இசையரங்கம் அதனை ஏற்காததால், இசைக்கருவிகளைப் போற்றுவோரின் பார்வையிலும் அது குறைவாகவே பட்டது. பேராசிரியர் பி. சாம்பமூர்த்தி 1931-இல் சென்னை அரசு அருங்காட்சியகத்தின் இசைக்கருவிகளுக்கு விளக்கப் பட்டியல் எழுதினார். அத்தகைய உழைப்பு நம் பள்ளிவாசல்களிலும் தர்காக்களிலும் உள்ள கருவிகளுக்கு இன்னும் வாய்க்கவில்லை.

பள்ளிவாசலில் நகரா: ஃபிக்ஹு நோக்கு

ஒலிபெருக்கி வருவதற்கு முன் தமிழகத்துப் பள்ளிவாசல்கள் பலவற்றில் பாங்குக்கு முன் நகரா அடிப்பது வழக்கமாயிருந்தது. ரமளானில் ஸஹர் வேளையை அறிவிக்கவும், நோன்பு துறக்கும் நேரத்தைச் சொல்லவும், பெருநாள் பிறையை ஊரார்க்குத் தெரிவிக்கவும் அது பயன்பட்டது. கேரளப் பள்ளிகளிலும் இவ்வழக்கம் உண்டு. இந்தோனேசியாவில் ‘பெடுக்’ எனப்படும் பெருமுரசு பள்ளிவாசலின் ஓர் உறுப்பாகவே விளங்குகிறது. ஜகார்த்தாவின் இஸ்திக்லால் பள்ளிவாசலிலும் அதனைக் காணலாம். எகிப்தில் ஸஹர் வேளையில் சிறு முரசு தட்டித் தெருவில் செல்பவரை ‘முஸஹ்ஹராத்தி’ என்பர்.

இவ்வழக்கத்தை பித்அத் என்று சிலர் விலக்கினர். முன்னோர் வழி என்று சிலர் பற்றி நின்றனர். ஃபிக்ஹு நூல்கள் கூறுவதை நோக்குவது இருசாராருக்கும் நன்று.

தொழுகைக்கு அழைக்கும் வழி பற்றி மதீனாவில் ஆலோசிக்கப்பட்டபோது மணியும் கொம்பும் பேசப்பட்டு, இறுதியில் பாங்கே நிலைநாட்டப்பட்டது. ஆதலின் பாங்குக்குப் பதிலாக வேறொன்று நிற்க முடியாது என்பதில் கருத்து வேற்றுமை இல்லை. நகராவை அழைப்பாகக் கருதியவர் நம் முன்னோருள்ளும் இல்லை. நேரம் நெருங்கிவிட்டது என்ற அறிவிப்பாக மட்டுமே அது ஒலித்தது. அதன்பின் முறையாகப் பாங்கு சொல்லப்பட்டது. வணக்கத்தில் புதிதாக ஒன்றைச் சேர்ப்பது வேறு, வணக்கத்துக்குத் துணையாகும் வழக்கம் வேறு. கடிகாரமும் ஒலிபெருக்கியும் இரண்டாம் வகையைச் சார்ந்தவை எனின், நகராவும் அவ்வகையதே.

இனி, முரசறைதலே கூடுமா என்ற வினா. ஷாஃபிஈ மத்ஹபின் அடிப்படை நூல்களுள் ஒன்றான மின்ஹாஜில் இமாம் நவவீ (ரஹ்) அவர்கள், ‘கூபா’ எனப்படும் இடை சிறுத்த நீண்ட முரசு ஒன்றைத் தவிர, ஏனைய முரசுகளை அறைவது விலக்கப்பட்டதன்று என்கிறார்கள். இமாம் கஸ்ஸாலீ (ரஹ்) அவர்கள் இஹ்யாவில் ஹாஜிகளின் முரசையும் போர்வீரரின் முரசையும் ஆகுமானவற்றுள் வைத்துப் பேசுகிறார்கள். மின்ஹாஜின் வஸிய்யத் பாடத்தில் சுவையானதொரு சட்டம் உண்டு. ஒருவர் ‘ஒரு முரசு’ என்று மட்டும் சொல்லி மரண சாசனம் செய்கிறார். அவரிடம் கேளிக்கை முரசும், போர் முரசோ ஹஜ் முரசோ போன்ற ஆகுமான முரசும் உள்ளன. அவர் சொல் ஆகுமானதையே குறிப்பதாகக் கொள்ள வேண்டும் என்பது தீர்ப்பு. முரசு ஓர் இல்லத்தில் மதிப்புள்ள உடைமையாக, சந்ததிக்கு விட்டுச் செல்லத்தக்கதாக இருந்தது என்பதை இச்சட்டமே காட்டுகிறது.

அடிப்பதை நிறுத்துவதும் பொருளை அழிப்பதும்

ஒரு ஜமாஅத் கூடி, கடிகாரமும் ஒலிபெருக்கியும் வந்துவிட்டதால் நகரா அடிப்பதை நிறுத்துவோம் என்று முடிவு செய்யலாம். அது அவர்களின் உரிமை. பயன் தீர்ந்த வழக்கத்தை விடுவதில் குற்றமில்லை. ஆனால் அடிப்பதை நிறுத்துவது ஒரு முடிவு, அப்பொருளை எடைக்குப் போடுவது வேறொரு முடிவு. முதலாவதற்குச் சொல்லும் காரணம் இரண்டாவதற்குப் பொருந்தாது. இவ்விரண்டையும் ஒன்றாகக் கருதிவிடுவதால்தான் பல ஊர்களின் பழம்பொருள்கள் ஒரே கூட்டத்தின் ஒரு வரித் தீர்மானத்தில் மறைந்து போகின்றன.

பள்ளிவாசலுக்கென ஒருவர் வக்ஃபு செய்த நகரா நிர்வாகியின் சொத்தன்று. அசையும் பொருளை வக்ஃபு செய்வது ஷாஃபிஈ மத்ஹபில் கூடும். ஹனஃபீ மத்ஹபிலும், மக்களிடையே வழக்கமாகிவிட்ட அசையும் பொருள்களின் வக்ஃபு செல்லும் என்பது இமாம் முஹம்மது (ரஹ்) அவர்களின் கூற்று. அத்தகைய பொருள் பழுதடைந்தால் என் செய்வது? பள்ளிவாசலின் பாய்கள் நைந்து, உத்தரங்கள் முறிந்து, எரிப்பதற்கன்றி வேறெதற்கும் உதவாத நிலையை அடைந்தால் விற்கலாம் என்று மின்ஹாஜ் கூறுகிறது. இந்த வரையறையை நகராவுக்குப் பொருத்திப் பார்ப்போம். கிழிந்தது தோல் மட்டும். செம்புக் கலம் அப்படியே இருக்கிறது. புதுத்தோல் போர்த்தினால் மீண்டும் ஒலிக்கும். ஒலிக்காவிடினும், கல்விக்கும் வரலாற்றுக்கும் பயன்படும். அவ்வாறிருக்க, எதற்கும் உதவாத பொருள் என்ற நிபந்தனை நிறைவேறிவிட்டது என்று எங்ஙனம் கூற இயலும்?

நாட்டின் சட்டமும் இங்கே நோக்கத்தக்கது. 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள், கலைக்கருவூலச் சட்டப்படி, நூறாண்டு கடந்த கலைவேலைப்பாடுள்ள பொருள்கள் தொல்பொருள்களாகக் கொள்ளப்படும். உரிமமின்றி அவற்றை வாணிகம் செய்வதும், தனியார் அவற்றை நாட்டுக்கு வெளியே அனுப்புவதும் குற்றமாகும். ஓர் ஊரின் நகரா நூறாண்டு கடந்ததா என்பதை ஆராயாமலே பழைய இரும்புக் கடைக்கு அனுப்புவது, மார்க்கத்தின்படியும் சட்டத்தின்படியும் பொறுப்பான செயலாகாது.

செய்ய வேண்டியவை பெருஞ்செலவுடையன அல்ல. ஒவ்வொரு பள்ளிவாசலும் தன்னிடமுள்ள நகராவை அளந்து, நிழற்படம் எடுத்து, எழுத்துப் பொறிப்பு ஏதேனும் இருப்பின் படித்து, பதிவேட்டில் சேர்க்கலாம். அதனை வழங்கியவர் யார், எக்காலத்தில் எந்தெந்த வேளைகளில் அடித்தனர், அப்பணியைச் செய்த குடும்பம் எது என்பவற்றை முதியோரிடம் கேட்டு எழுதி வைக்கலாம். அடித்த முறைகளை நினைவில் வைத்திருப்போர் எவரேனும் இருப்பின், அவற்றை ஒலிப்பதிவு செய்யலாம். ஏனெனில் செம்பு இன்னும் சில நூற்றாண்டுகள் தாங்கும். நினைவோ அவர்களோடு போய்விடும். பாதுகாக்க இடமில்லாத ஊர்கள், உரிய அனுமதியோடு அருங்காட்சியகத்தில் ஒப்படைக்கலாம். அரபுக் கல்லூரிகள் தம் நூலகத்தில் ஒரு மூலையை இதற்கு ஒதுக்கலாம்; வஸிய்யத் பாடத்தில் முரசு பற்றிய சட்டத்தை ஓதும் மாணவர் அம்முரசைக் கண்ணாலும் காண்பர்.

பக்தாதின் வாயிலிலும், டில்லியின் கோட்டையிலும், இராயப்பேட்டையின் மாளிகையிலும் நகரா ஆள்வோரின் பெயரைச் சொல்லிற்று. பள்ளிவாசலின் முற்றத்தில் மட்டுமே அது எவருடைய பெருமையையும் சொல்லாமல், நோன்பாளியை எழுப்பவும் தொழுகையாளிக்கு நேரத்தை உணர்த்தவும் ஒலித்தது. அரசர்களின் நகராக்களை அருங்காட்சியகங்கள் காத்துக்கொள்ளும். ஊர் மக்களை ஸஹருக்கு எழுப்பிய நகராவைக் காக்கும் கடமை அந்தந்த ஊர் ஜமாஅத்தினுடையது.

அல்லாஹ்வே மிக அறிந்தவன்.